எழுபது குதிரை மோட்டர்

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி முதலில் எடுத்தது முறுக்குப் பொட்டலம். மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஓரத்தில் வைத்தார். அடுத்து அவர் கைக்கு வந்தது ஒரு சுருள் செம்புக் கம்பி. அதற்கடுத்து இரண்டு கெப்பாசிட்டர், ஒரு பேரிங், கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சினிமாவில் வெடிகுண்டைக் கண்டுபிடித்தவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“மோட்டார் சாமான். அக்கா வீட்டு மோட்டாரை ரிப்பேர் பண்ணப் போறேன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“மோட்டாரா? எந்த மாடல்?”

“செவன்ட்டி.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கப்பா வச்சிருந்ததும் அதுதான். பழசுதான், ஆனா சாகாது” என்று சொல்லி, சாமான்களை அவரே பெட்டிக்குள் அடுக்கிக் கொடுத்தார். எழுபது குதிரைத்திறன் மோட்டார் வைத்திருந்த அப்பா என்றால் எவ்வளவு பெரிய பண்ணையாராக இருந்திருப்பார்! அவர் மகன் இப்படி அடுத்தவன் முறுக்கை மோந்து பார்க்கிற வேலைக்கு வந்துவிட்டாரே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

நான் தேவகோட்டைப் பக்கத்தில் மோட்டார் கடை வைத்திருப்பவன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எது எரிந்துபோனாலும் காயில் சுற்றிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு விடை கொடுத்துவிட்டது. மிச்சத்தை வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசியே படித்துக்கொண்டேன். அதனால் மோட்டாரைவிட வாய் கொஞ்சம் நன்றாக ஓடும்.

பாக்கியம் அக்கா என் பெரியப்பா மகள். பெரியப்பா கப்பலேறிப் போய் மலேசியாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் சேர்ந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, பால்மரம் வெட்டியது எல்லாம் அந்தத் தோட்டத்தில்தான். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறாள். அவள்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“தம்பி, எங்க மோட்டர் ரெண்டு வருசமா ஸ்டார்ட் ஆவல. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குள்ள அத எப்படியாச்சும் ஓட வைக்கணும். நீங்கதான் மோட்டர் வேல செய்றவராச்சே. ஒரு நட வந்துட்டுப் போங்க லா.”

தொழில்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “எத்தனை எச்.பி. அக்கா?”

“அதெல்லாம் யாரு கண்டா? எழுபதுன்னு மேல எழுதியிருக்கும்.”

“எங்க நிக்கிது?”

“போர்ச்சுலதான்.”

என் காதில் ‘போர்ல’ என்று விழுந்தது. “போர்லயா? ரொம்ப ஆழமோ?”

“ஆழமா? மழ பேஞ்சா கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்கும், அவ்வளவுதான்.”

கணுக்கால் ஆழப் போரில் எழுபது குதிரை மோட்டார்! மலேசியா முன்னேறிய நாடு, நமக்குத் தெரியாதது எத்தனையோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திருவிழாக் கூட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் போலிருக்கிறது என்று தங்கமான மனசோடு செம்புக் கம்பியை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஈப்போ பேருந்து நிலையத்தில் கோவிந்தன் மச்சான் காத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. என் பெட்டியைத் தூக்கியதும் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

“என்னா மச்சான், ஊர்லேர்ந்து அம்மிக்கல்ல தூக்கியாந்துட்டீங்களா?”

“மோட்டார் சாமான் மச்சான்.”

“அலாமா! இந்த ஊர்ல கிடைக்காத சாமானா? சீனன் கடையில பழைய மோட்டருக்குப் பல்லு விளக்குற பிரஷ்கூட வச்சிருப்பான் லா.”

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. யாரோ பெரிய மூட்டைகளைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு, எடுத்துப்போக மறந்துவிட்ட மாதிரி. அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து ஜெலாப்பாங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்தோம். ஒரே சுவரில் ஒட்டிப் பிறந்த வரிசை வீடுகள். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வர முயன்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். “நீங்களே வந்து கட்டிக்கிங்க தம்பி, என் காலு பென்ஷன் வாங்கிருச்சு” என்றாள்.

காப்பி வந்தது. ‘கோப்பி’ என்கிறார்கள். நம் காப்பிக்கு அண்ணன் முறை வேண்டும், அவ்வளவு கறுப்பு. குடித்துவிட்டுக் கையைத் தேய்த்தபடி எழுந்தேன்.

“போர் எங்கக்கா?”

“இதாம்பா போர்ச்சு. இங்கதான உக்காந்திருக்கீங்க.”

சுற்றிப் பார்த்தேன். கார் நிற்கிற கூரை. கொடியில் துணி. மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. மச்சான் போய் மந்திரவாதியைப் போலத் தார்ப்பாயை உருவினார்.

இரண்டு சக்கரம். ஒரு ஹேண்டில். பக்கவாட்டில் தேய்ந்துபோன எழுத்தில் ‘70’.

“இது மோட்டார் சைக்கிளாச்சே?” என்றேன்.

“அதத்தான மோட்டர்னு சொன்னேன்” என்றாள் அக்கா.

“எங்க ஊர்ல மோட்டார்னா தண்ணி எறைக்கிறது!”

மச்சான் என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். “பாக்கியம், நீ ரெண்டு சக்கரத்துக்கு ஆள் கூப்புட்ட. கெணத்துக்கு ஆள் வந்திருக்கு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வருகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். என் தொழிலுக்கு இதைவிட அவமானம் இல்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப ஒங்களால ஆவாதா தம்பி?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி விளையாட்டாக வரவில்லை. அதனால் “ஆகும்க்கா, எல்லாம் சுத்துற சாமான்தானே” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று இரவுச் சாப்பாட்டில் மச்சான் சொன்னார். தோட்டத்து மாரியம்மன் கோயில் லகாட் என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது பாமாயில் எடுக்கிற செம்பனை. யாரோ லாரி கொண்டுவந்து செம்பனைக் குலையைத் திருடுகிறார்கள் என்று நிலத்துக்காரர்கள் பாதையின் முனையில் சிமெண்டுக் கட்டை வைத்துவிட்டார்கள். இடுக்கில் மோட்டர் நுழையும், கார் நுழையாது. அங்கிருந்து கோயிலுக்கு ரெண்டு கட்டை. இங்கே ‘கட்டை’ என்றால் மைல். சிமெண்டுக் கட்டையிலிருந்து ரெண்டு கட்டை என்றதும் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

“போன வருசம் நடந்தே போறேன்னு கெளம்பிட்டா. பாதி வழியில முட்டி மடங்கிருச்சு. மரத்தடியில உக்காந்து, மேளச் சத்தத்த மட்டும் கேட்டுட்டுத் திரும்பி வந்தோம்.”

“யாராவது பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாமே?”

மச்சான் வாயைத் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டாள். “இருவது வருசம் அந்தப் பாதையில ரெண்டு பக்கமும் பால் டின்ன மாட்டிக்கிட்டு நானே ஓட்டிப் போனவ. இப்ப ஒருத்தன் முதுகப் பாத்துக்கிட்டுப் போனா, அம்மனுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?”

“பக்கத்து வீட்டுக்காரரு புது மோட்டரே தாரேன்னாரு. இவளுக்குக் காலு எட்டல” என்றார் மச்சான்.

“நீங்க ஓட்டலாமே மச்சான்?”

அக்கா முதல்முறையாக அன்று சிரித்தாள். “அவருக்கு ரெண்டு சக்கரம் வராது தம்பி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எம் பின்னாடிதான். தோட்டத்துல அவருக்குப் பேரே ‘மூணாவது டின்னு’.”

“நாலு சக்கரத்துக்குக் கீழ இருக்கிறதெல்லாம் சர்க்கஸ்காரன் வேல மச்சான்” என்றார் மச்சான், மீன் முள்ளை எடுத்தபடி.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அன்று புதன்.

வியாழன் காலை மச்சான் என்னை ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போனார். மரத்தோடு ஒட்டிப் போட்ட தகரக் கூரைக் கடை, அதனால் ஒட்டுக்கடை. ரொட்டி சானாய் என்று ஒன்று கொடுத்தார்கள். நம் பரோட்டாவின் நல்ல இடத்துச் சம்பந்தம். அடித்த அடியில் காகிதமாய் மெலிந்து, பருப்புக் குழம்பில் நனைந்து வந்தது. மூன்றாவதை நான் கேட்கவில்லை, தானாக வந்தது. தடுக்கவும் இல்லை.

நான் என்ன வேலையாய் வந்திருக்கிறேன் என்று மச்சான் கடை முழுக்க அறிவித்துவிட்டார். உடனே ஆளாளுக்கு மருத்துவம். மூலை மேசைக்காரர் பிளக்கு என்றார். கல்லாவில் இருந்தவர் கார்பரேட்டர் என்றார். தேநீரை இழுத்து இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே, “வித்துட்டுப் போங்கண்ணே, நிம்மதி” என்றார். எங்கள் ஊர் டீக்கடையில் அரசியல் பேசுகிற அதே குரல், அதே உறுதி. பொருள் மட்டும்தான் வேறு.

அங்கிருந்து உதிரிபாகக் கடை. முதலாளி ஒரு சீனர். ‘தவுக்கே’ என்று கூப்பிட்டார் மச்சான். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். நடுநடுவே தவுக்கே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“என்ன சொல்றார் மச்சான்?”

“இந்தியாவுலேர்ந்தா ஆள் வந்திருக்காரு, அப்ப வண்டி ரொம்ப சீரியஸா இருக்கான்னு கேக்குறாரு.”

பிளக்கு ஒன்றும், கார்பரேட்டருக்கு ரப்பர் வளையங்களும், ஒரு போத்தல் எஞ்சின் ஆயிலும் வாங்கினோம். எஞ்சினில் கிடக்கும் பழைய ஆயிலைக் கடைசியாக மாற்றிவிடலாம் என்பது மச்சானின் திட்டம். கிளம்பும்போது தவுக்கே ஏதோ சொல்லிக் கும்பிட்டார். “வண்டி ஓடுனா ஒரு நட இங்க ஓட்டிட்டு வாங்க, கடையில படம் மாட்டணுமாம்” என்று மொழிபெயர்த்தார் மச்சான்.

வீட்டுக்கு வந்து பழைய பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து அடுப்புக் கொள்ளியாட்டம் இருந்தது. புதியதை வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மச்சானை உதைக்கச் சொன்னேன். அவர் லாரி பிரேக்கை மிதிக்கிற வேகத்தில் உதைத்தார். பளிச்சென்று நீலப் பொறி. நெருப்பு இருக்கிறது. மின்சாரம் என் பக்கம்தான், எனக்குத் துரோகம் செய்யவில்லை. அப்படியானால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இங்கே பிற்பகல் மழை அலுவலகத்துக்கு வருகிற மாதிரி நேரம் தவறாமல் வருகிறது. எங்கள் ஊரில் இப்படி ஒரு மழை பெய்தால் போட்டோ எடுத்து உறவுக்காரருக்கெல்லாம் அனுப்புவோம். இவர்கள் கொடித் துணியை எடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். போர்ச்சில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அக்கா தொலைபேசியில் பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கார்பரேட்டர். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்தேன். வார்னிஷ் வாடை. கார்பரேட்டரைத் திறந்தால் அடியில் பச்சையாய்ப் பாசி மாதிரி பிசின். பெட்ரோல் வரும் சின்னத் துளை அடைத்தே போயிருந்தது. என் செம்புக் கம்பியில் ஓர் இழையை உருவி அந்தத் துளையில் விட்டுக் குடைந்தேன். கடல் தாண்டி வந்த கம்பிக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு மகா திருப்தி.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வண்டி வந்த கதையைச் சொன்னாள். தோட்டத்தில் மோட்டர் வாங்கிய முதல் பெண் அவள்தானாம். இருட்டு விலகுமுன் நிரைக்கு, அதாவது பால் வெட்டுகிற மர வரிசைக்கு, போய்விடுவாளாம். அவள் வண்டிச் சத்தம் கேட்டால்தான் மற்றவர்கள் எழுந்திருப்பார்களாம். “கிராணி கூட என்னையப் பாத்துத்தான் கடியாரத்த வைப்பாரு” என்றாள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்.

“பொய்” என்றது உள்ளேயிருந்து மச்சானின் குரல். “கிராணிக்குக் கடியாரமே இல்ல.”

சனிக்கிழமை மச்சான் காரில் போய் ஒரு டப்பாவில் பெட்ரோல் வாங்கி வந்தார். நான் கை கழுவப் போயிருந்த நேரத்தில் அதில் பாதியை டேங்கில் ஊற்றியும் வைத்திருந்தார். நான் வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் பளபளவென்று கிடந்தது. உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தேன். வண்டி ஒருமுறை இருமியது. சத்தியமாக இருமியது. அடுப்படியில் அக்காவின் கரண்டி நின்றுவிட்டது.

“தம்பி, எண்ணெ ஊத்தியாச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

எண்ணெய். நான் யோசித்தேன். எங்கள் பக்கம் அந்தக் காலத்து மொபெட்டுகளில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்றுவோம். அட, இதுவும் அந்த ரகம்தானா! இது தெரியாமல் வெறும் பெட்ரோலில் உதைத்துக்கொண்டிருக்கிறேனே!

“இன்னும் ஊத்தலக்கா. டேங்குலயா ஊத்தணும்?”

“பின்ன, தலையிலயா தேய்ப்பாங்க? எண்ணெ இல்லாம எப்படி ஓடும்?”

“எவ்வளவுக்கா?”

“எவ்வளவு இருக்கோ அவ்வளவும் ஊத்துங்க.”

ஊற்றினேன். தவுக்கே கடைப் போத்தலை, கடைசிச் சொட்டு வரை, குலுக்கிக் குலுக்கி ஊற்றினேன்.

அதற்கப்புறம் வண்டி இருமக்கூட இல்லை. நான் உதைத்தேன், மச்சான் உதைத்தார், பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்து உதைத்தார். கடைசியில் மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சரி, எஞ்சின் ஆயிலயாச்சும் மாத்திருவோம். போத்தல் எங்க?” என்றார்.

“அதான் டேங்குல ஊத்திட்டேனே.”

“எத?”

“எண்ணெய. அக்காதான் ஊத்தச் சொன்னாங்க.”

அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். “நான் எண்ணெயத்தான ஊத்தச் சொன்னேன்!”

“எண்ணெய்தான் ஊத்துனேன்!”

மச்சான்தான் இருவருக்கும் நடுவில் புகுந்து வழக்கைத் தீர்த்தார். இந்த ஊரில் எண்ணெய் என்றால் பெட்ரோல். எண்ணெய் அடிப்பது என்றால் பெட்ரோல் போடுவது. எண்ணெய்க் கடை என்றால் பெட்ரோல் பங்க். இது தெரியாத ஒரே தமிழன் ஈப்போவில் அன்று நான்தான். “மச்சான், ஒங்களோட தமிழ் பேசுறதுக்குப் பதிலா தவுக்கேயோட மலாய் பேசிருக்கலாம்” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்தேன், நின்றுவிட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் புடவையை எடுத்தாள். திருவிழாவுக்கென்று துவைத்துப் போட்டிருந்தது. அதை மடித்தாள். பையில் வைக்காமல் அலமாரிக்குள் வைத்தாள். எங்கள் இருவருக்கும் அது கேட்கிற மாதிரியே அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

மச்சான் சட்டைக் கையைச் சுருட்டினார். “கழட்டுங்க மச்சான்.”

டேங்கை வடித்தோம். டப்பாவில் மீதியிருந்த பெட்ரோலை ஊற்றிக் குலுக்கிக் கழுவினோம். கார்பரேட்டரை மறுபடி பிரித்தோம். பிளக்கைத் துடைத்தோம், காய வைத்தோம், அடுப்பில் சுட்டோம். கழுவியதில் பெட்ரோல் எல்லாம் தீர்ந்து, டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதை டேங்கில் விட்டு, “மிச்சத்த காலையில போற வழியில வாங்கிக்கலாம்” என்றார் மச்சான். என் பங்குக்கு நான் தேவகோட்டைச் சிவன் முதல் அந்த ஊர் மாரியம்மன் வரை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு உதைத்தேன்.

இருமியது. மறுபடி உதைத்தேன். பின்னால் ஒரு வெள்ளைப் புகைத் தூண் எழும்ப, படபடவென்று பிடித்துக்கொண்டது!

அக்கா வெளியே வந்தாள். ஆக்சிலேட்டரைப் பிடித்து மெல்ல முறுக்கினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். “ஆமா, இதேதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிறு காலை. மச்சான் சிநேகிதரின் சின்ன லாரியைக் கேட்டு வாங்கி, வண்டியை அதில் ஏற்றிக் கயிறு கட்டினார். அக்கா முன்னால் உட்கார்ந்தாள், மஞ்சள் புடவை, மடியில் தேங்காய்த் தட்டு, அதன்மேல் ஹெல்மெட். பூக்கடையில் நிறுத்தினோம். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்க நிறுத்தினோம். எல்லா இடத்திலும் நிறுத்தினோம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

பாதை முனையில் சிமெண்டுக் கட்டை. வண்டியை இறக்கினோம். நான்காவது உதையில் புகையோடு பிடித்துக்கொண்டது. அக்கா ஏறி உட்கார்ந்தாள். மச்சான் பின்னால் ஏறி, தேங்காய்த் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த இடத்தில் எப்படி அடங்கினார் என்பது நாற்பது வருடப் பழக்கம்.

“நீங்க?” என்று என்னைக் கேட்டாள் அக்கா.

“நடந்து வாரேன்க்கா.” அவர்கள் ஊர்ப்பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் தன் மோட்டரில் பின்னால் வந்து நின்றவர் கோயில் உறுமிக்காரர். “ஏறுங்கண்ணே. ஆனா இத நீங்கதான் வச்சுக்கணும்” என்று உறுமி மேளத்தை என் மடியில் வைத்தார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை. முன்னால் அக்காவின் வண்டி கக்கிய புகை. அதற்குள் நாங்கள். உறுமிக்காரர் இருமினார், நான் இருமினேன். “அந்த மோட்டர்ல என்னாண்ணே ஊத்துனீங்க?” என்று கேட்டார். அதை விளக்க அந்த ரெண்டு கட்டை போதாது.

கோயில் வாசலில் பெண்கள் கூட்டம். முதலில் அவர்களுக்கு வண்டி தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

“யாருலா அது? கொசு மருந்து அடிக்க வாரானா?” என்று ஒரு குரல்.

“ஞாயித்துக் கெழமையில எந்த முனிசிபாலு வேல செய்யும்?” என்று இன்னொரு குரல்.

புகைக்குள்ளிருந்து மஞ்சள் புடவை வெளியே வந்தது. அப்புறம், “ஏ, பாக்கியம்டி!” என்று ஒருத்தி கத்த, எல்லோரும் ஓடி வந்தார்கள். அக்காவோடு ஒரே நிரையில் பால் வெட்டிய ராஜாமணி அக்காதான் அப்படிக் கத்தியவர். “அம்மனுக்குச் சாம்பிராணிய மோட்டர்லயே போட்டுக்கிட்டு வாரா பாருங்கடி! மூணாவது டின்னும் பத்திரமா வந்திருச்சு!”

மச்சான் தட்டோடு இறங்கி, “எறங்கு, ஆனா எஞ்சின ஆஃப் பண்ணாத பாக்கியம். அப்புறம் சுசா, மறுபடி கெளப்புறது கஷ்டம்” என்று கெஞ்சினார்.

“சாமி முன்னால எஞ்சின ஓட விட்டுக்கிட்டா நிப்பாங்க?” என்று சாவியைத் திருப்பி அணைத்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினாள். ராஜாமணி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கைகூப்பி நின்றாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. உதடு அசைந்தது, ரொம்ப நேரம் அசைந்தது. ரெண்டு வருடப் பாக்கி அல்லவா! நான் தள்ளி நின்று, உறுமிக்காரரிடம் மேளத்தை ஒப்படைத்தேன். அவர் அடித்த முதல் அடியில் அக்காவின் முதுகு சிலிர்த்தது எனக்குத் தெரிந்தது. போன வருடம் அதே சத்தத்தைத்தான் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

பந்தியில் சோறும் பருப்பும் கீரையும் அப்பளமும். எங்கள் ஊர்ப் பந்தியில் சாப்பிடும்போது பேச மாட்டார்கள். இங்கே பேசும்போது நடுநடுவே சாப்பிடுகிறார்கள். யார் மகன் சிங்கப்பூரில், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாம் எனக்கும் தெரிந்துவிட்டது. நான் வந்த காரியமும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. செம்புக் கம்பி, போர்ச்சு, போத்தல் எல்லாவற்றையும் மச்சான் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்ற வந்த பெண், “அண்ணே, இது பாயசம்” என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.

வெயில் சாய்ந்து கிளம்புகிற நேரம். நான் உதைத்தேன். சத்தமில்லை. மச்சான் உதைத்தார். சத்தமில்லை. தோட்டத்து ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிளக்கு என்றார் ஒருவர். கார்பரேட்டர் என்றார் ஒருவர். ஒட்டுக்கடை அப்படியே எழுந்து இங்கே வந்துவிட்டது. நான் மறுபடி மறுபடி உதைத்தேன்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து ராஜாமணி அக்காவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “நீங்க ஏன் தம்பி பதறுறீங்க? வாரதுக்குத்தான் அம்மன்கிட்ட கேட்டேன். திரும்பிப் போறதப் பத்தி நான் பேச்சே எடுக்கல.”

நான் வண்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். காதைக் கொண்டுபோய் டேங்கில் வைத்துக் கேட்டேன். சலசலப்பே இல்லை. பூக்கடையில் நிறுத்தினோம், நாசி லெமாக்குக்கு நிறுத்தினோம். ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தவில்லை.

நிமிர்ந்து, “அக்கா, எண்ணெ இல்ல” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அக்கா வெற்றிலையை வாயில் ஒதுக்கினாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் கேட்டாள்.

“எந்த எண்ணெ தம்பி?”

செம்பனைத் தோப்பே சிரித்த மாதிரி இருந்தது. உறுமிக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு போத்தலில் பிடித்து வந்து என் கையில் கொடுத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் மூடியைத் திறந்து, சுங்க அதிகாரி என் முறுக்கை மோந்த மாதிரி, முதலில் நன்றாக மோந்து பார்த்தேன்.

“ஊத்துங்க தம்பி” என்றாள் அக்கா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. “எவ்வளவு இருக்கோ அவ்வளவும்.”